முன்கால் நின்றால்தான் பேட் பறக்கும்

வணக்கம் மக்களே. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிரவுண்டில் நிற்கிறேன். மைக்கில் காற்று இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக நின்றுகொண்டு காற்றைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் பேஸ்பாலுக்கு வருகிற பசங்க பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள். கண் கூர்மை, கை வேகம், ரெண்டும் இருக்கும். ஆனால் அடித்த பந்து இன்ஃபீல்டுக்குள்ளேயே, அதாவது பேஸ்களைச் சுற்றியுள்ள உள்மைதானத்துக்குள்ளேயே உருளும். உடனே தோள்பட்டைக்கு வெயிட் தூக்கக் கிளம்பிவிடுவார்கள். தம்பி, கோளாறு தோளில் இல்லை, முன்கால் முட்டியில்.

கிரிக்கெட்டில் டிரைவ் ஆடும்போது முன்காலை நீட்டி வைத்து, முட்டியை மடக்கி, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுபோகிறோம். குத்தி வரும் பந்தைத் தரையோடு அனுப்ப அது சரி. பேஸ்பாலில் பந்து குத்தாமல், முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வருகிறது. இங்கேயும் முட்டியை மடக்கிக்கொண்டே போனால், உடம்பு மொத்தமும் முன்னால் வழிந்துவிடும். சுழல்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும்? பாதம் நின்ற இடத்தில் நிற்கும், மேல் உடம்பு பாயும். முன்கால் செய்ய வேண்டியது அந்த பிரேக் வேலைதான். பாதம் இறங்கும்போது முட்டி லேசாக மடங்கி இருக்கட்டும். விறைப்பாக இறக்கினால் மூட்டு வலிக்கும். குதிகால் தரையில் பட்டதும் தரையை மிதித்துத் தள்ளி முட்டியை நிமிர்த்துங்கள். முன்பக்க இடுப்பு பின்னால் இழுபடும், பின்பக்க இடுப்பு சுற்றி வரும். அப்புறம் மார்பு, அப்புறம் கை, கடைசியில் பேட். இந்த வரிசை முக்கியம். இடுப்பு திறக்கும் கணத்தில் முன்தோள் இன்னும் மூடியே இருக்க வேண்டும். ரெண்டும் சேர்ந்து திரும்பினால் கை பலத்தை மட்டும் வைத்து அடித்த மாதிரிதான்.

நேரமும் கம்மி. பந்து போடுகிற பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து, அடிக்கிறவர் பக்கத்தில் இருக்கும் ஹோம் பிளேட் 18.44 மீட்டர். 145 கிலோமீட்டர் வேகத்தில் போட்டால் சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். பாதம் முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும்.

காலை உயரத் தூக்கி அடிக்கலாமா? ஒற்றைக் காலில் நின்று அடிப்பதற்குப் பேர்போன ஜப்பான் ஆட்டக்காரர் சதஹாரு ஓ, அங்கே 868 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) எடுத்தார். இன்னொரு ஜப்பான் ஆட்டக்காரர் ஷோஹேய் ஓதானி 2018-ல் அமெரிக்கா போனதும் கால் தூக்குவதை விட்டுவிட்டு, கால்விரல் நுனியைத் தட்டி வைக்கும் முறைக்கு மாறினார். தூக்குவது அவரவர் இஷ்டம். நேரத்துக்கு இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஓதானி வழியைத்தான் சொல்வேன்.

இப்போது கேமராவைக் கீழே இறக்குகிறேன். இந்தப் புழுதியில் என் பின்பாதம் விட்ட தடத்தைப் பாருங்கள். முதல் தடம் வட்டமாகக் குழி பறித்திருக்கிறது. நின்ற இடத்திலேயே திருகினால் இப்படித்தான் விழும். பின்பாதத்தை ஊன்றித் திருகு என்று பழைய கோச்சுகள் சொல்லித்தருவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எடை பின்காலிலேயே தங்கிவிடும். ரெண்டாவது தடத்தில் ஷூ நுனி முன்னால் இழுபட்ட சின்னக் கோடு தெரிகிறதா? எடை முன்னால் போய், முன்கால் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பெரிய ஹிட்டர்கள் பலருக்குப் பந்து படும் நேரத்தில் பின்பாதம் தரையைத் தொடுவதுகூட இல்லை.

வீட்டில் செய்து பார்க்கப் பந்தே வேண்டாம். ஒரு கம்பை இடுப்புக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, முன்குதிகால் இறங்கிய பிறகு மட்டும் திரும்புங்கள். முதலில் மெதுவாக. அது பழகியதும் பந்தை டீயில் (பந்தை மேலே வைக்கும் ஸ்டாண்ட்) வைத்து அடியுங்கள். ஆள் போடும் பந்து அதற்கும் அப்புறம்தான். சாஃப்ட்பால் ஆடுகிற பிள்ளைகளுக்கும் இதேதான். முட்டி வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.