பழைய பாக்கெட் பிஸ்டலுக்கு உதிரி பாகம்: எதைத் தேடலாம், எதைத் தொடவே கூடாது

[காட்சி: மேசை மேல் பச்சைத் துணி. அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பழைய பிஸ்டல். குதிரையின் (விசையை இழுத்ததும் சுத்தியல் போல அடிக்கும் பாகம்) மேல்பாதி உடைந்திருக்கிறது.]

பரண்ல கிடந்த டிரங்குப் பெட்டியில இப்படி ஒண்ணு கிடைச்சா, நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வர்ற முதல் யோசனை இதுதான்: "ஓசூர்ல தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு, மாதிரியைக் காட்டினா அச்சு அசலா அடிச்சுக் கொடுத்துடுவாங்க." அந்தப் பட்டறைக்காரரால முடியும், அவங்க கை வேலையில சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் குதிரையைப் புதுசா செஞ்சு மாட்டின நிமிஷமே உங்க வீட்டு நினைவுப்பொருள் உரிமம் இல்லாத துப்பாக்கியா ஆயிடலாம். அதனால பாகத்தைத் தேடுறதுக்கு முன்னாடி சட்டத்துல இருக்கிற ஒரு வரியைப் பார்த்துடணும்.

1959-ம் வருஷ ஆயுதச் சட்டம், 45-வது பிரிவு. வழக்கொழிஞ்ச வகை, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, இந்த மாதிரி ஆயுதங்களுக்கு அதுல விலக்கு உண்டு. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காட்டியும் சரி, அதை வெச்சுச் சுட முடியாதுன்னு இருக்கணும். "ஸ்பிரிங் போயிடுச்சுங்க, வேலை செய்யாது"ன்னு சொன்னா அது போதாது. ஸ்பிரிங் போட்டா சுடும்னா சட்டத்துக்கு அது துப்பாக்கிதான். அதோட, இந்தச் சட்டத்துல ஆயுதம்னா அதோட பாகங்களும் சேர்த்திதான். 2020-ல திருத்தின விதிப்படி, பழம்பொருள் வகையில சேர்ற சிறு ஆயுதங்களை வெச்சிருக்க உரிமம் வேண்டாம். ஆனா பயன்படுத்தவும், ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போகவும் உரிமம் வேணும்.

உங்க பொருள் எந்த வகைன்னு முடிவு பண்ற வேலை உங்களுதும் இல்ல, கடைக்காரருதும் இல்ல. மாவட்டத்துல உரிமம் தர்ற அதிகாரி கலெக்டர். படங்கள், அளவுகள், யார் மூலமா வந்துச்சுங்கிற விவரம், தாத்தா பேர்ல பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தா அதோட நகல், இவ்வளவும் வெச்சு கலெக்டர் அலுவலகத்துல மனு கொடுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க. பிஸ்டலைப் பையில போட்டு பஸ்ல எடுத்துட்டுப் போகாதீங்க. முதல்ல உங்க காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிட்டு, அவங்க சொல்ற மாதிரி செய்யுங்க. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரங்கள்ல கள்ள நாட்டுத் துப்பாக்கி ஒரு நீண்ட காலப் பிரச்சினை. அதனால இங்க போலீஸ் இந்த விஷயத்தை லேசா எடுத்துக்க மாட்டாங்க.

பட்டறை விஷயத்துக்கு வருவோம். உரிமம் இல்லாம துப்பாக்கியைப் பழுது பார்க்கிறது, 2019 திருத்தத்துக்கு அப்புறம், குறைஞ்சது 7 வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும் தண்டனை உள்ள குற்றம். மாட்டிக்கிறது லேத் ஓட்டுற தம்பியும்தான்.

[காட்சி: குழலுக்குள் மெல்லிய மூங்கில் குச்சி இறங்குகிறது.]

அடுத்தது, குழலுக்குள்ள வெடிமருந்து இருக்கான்னு பார்க்கணும். குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய பிஸ்டல்கள் அப்படியே கெட்டிச்ச நிலையில கிடைக்கிறது சகஜம். ஈரம் படாத கரிமருந்து நூறு வருஷம் கழிச்சும் பத்தும். குழலோட பின்பக்கம் ஒரு சின்னக் குழாய் முனை இருக்கும், அதுதான் நிப்பிள்; குதிரை அடிச்சா பொறி விடுற கேப்பை (சின்னச் செப்புத் தொப்பி) அது மேலதான் வைப்பாங்க. அந்த நிப்பிள் மேல பச்சை பூத்த செப்புத் தொப்பி மாதிரி ஏதாச்சும் ஒட்டியிருந்தா அதைச் சுரண்டாதீங்க, தட்டாதீங்க, பிஸ்டலை அப்படியே வெச்சுட்டுப் போலீஸைக் கூப்பிடுங்க. கேப் இல்லன்னா, குழல் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கட்டும், கையைக் குழலுக்கு நேரா கொண்டுபோகாம ஒரு மரக்குச்சியை மெதுவா உள்ள விடுங்க. வாய் விளிம்புல பென்சில் கோடு போட்டு, குச்சியை வெளிய எடுத்துக் குழலோட பக்கவாட்டுல வெச்சுப் பாருங்க. குச்சி நிப்பிளுக்குக் கிட்ட வரைக்கும் போயிருக்கணும். ஒண்ணு ஒண்ணரை சென்டிமீட்டர் முன்னாடியே நின்னுடுச்சுன்னா உள்ள ஏதோ இருக்கு. அதை நீங்க எடுக்கக் கூடாது.

இப்போ அடையாளம். உதிரி பாகம் தேடுறதுல முக்கால்வாசி வேலை இதுதான், இங்க அவசரப்பட்டா மத்த எல்லாமே வீண்.

பித்தளைப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்க்கிறது, உப்புத்தாள் போடுறது, ரெண்டும் வேண்டாம். நாம தேடுற முத்திரைகள் ஒரு தலைமுடி ஆழத்துக்குத்தான் இருக்கும், அதுதான் முதல்ல போகும். தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி விட்டுட்டு, பருத்தித் துணியாலயும் மூங்கில் சீவலாலயும் துடைங்க. அப்புறம் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு, குழலோட அடிப்பக்கம், சட்டத்தோட (குழலும் கைப்பிடியும் மாட்டியிருக்கிற இரும்பு உடல், ஃப்ரேம்) பக்கங்கள் எல்லாத்தையும் பாருங்க.

[காட்சி: சாய்ந்த வெளிச்சத்தில் மங்கலான முத்திரை தெரிகிறது.]

குறுக்கா ரெண்டு செங்கோல், மேல ஒரு கிரீடம்: 1813-ல தொடங்கின, துப்பாக்கிக் குழலைச் சுட்டுச் சோதிக்கிற இங்கிலாந்து பர்மிங்காம் சோதனைச் சாலையோட முத்திரை. ஒரு நீள்வட்டத்துக்குள்ள ஈ, எல், ஜி எழுத்துகள்: பெல்ஜியத்துல லியேஜ் நகரம். அந்த வட்டத்து மேல கிரீடமும் இருந்தா 1893-க்கு அப்புறம். செஞ்சவர் பேரே இல்லாம முத்திரை மட்டும் இருக்கிற பெல்ஜியப் பிஸ்டல் நிறைய உண்டு, பேர் இல்லைன்னு மலைக்க வேண்டாம்.

இன்னொண்ணு. பாராமகால் சீமையில, அதாவது நம்ம பக்கத்துல, நிறைய வீடுகள்ல "இது திப்பு காலத்துது"ன்னு சொல்லிக் கேட்கலாம். நிப்பிள் உள்ள பிஸ்டல் திப்பு காலத்துதா இருக்கவே முடியாது. திப்பு இறந்தது 1799. அடிபட்டா வெடிக்கிற மருந்தை வெச்சுத் துப்பாக்கியைப் பத்தவைக்கிற ஏற்பாட்டுக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கினது 1807, செப்புக் கேப் பரவினது அதுக்கும் பின்னாடி. தப்பான காலத்தை வெச்சுத் தேடினா தப்பான பாகம்தான் வரும்.

காலம் தெரிஞ்சதும் அடுத்த கேள்வி: இது கையால செஞ்சதா, மெஷின்ல செஞ்சதா? பர்மிங்காம்லயும் லியேஜ்லயும் செஞ்ச பழைய பிஸ்டல்கள்ல ஒவ்வொரு பாகத்தையும் அந்தந்தத் துப்பாக்கிக்கே அரம் போட்டுப் பொருத்தியிருப்பாங்க. கைப்பிடிக் கட்டையோட உள்பக்கம், விசைக் காப்பு (விசையைச் சுத்தி இருக்கிற வளையம்), சட்டம், இதுல சின்ன வெட்டுக்குறியோ எண்ணோ ஒரே மாதிரி இருக்கும். அதே மாடல்ல இன்னொரு பிஸ்டலோட பாகம் கிடைச்சாலும் நேரா உட்காராது. இங்க மாடல் பேரைச் சொல்லித் தேடிப் பிரயோஜனம் இல்ல, அளவைச் சொல்லித்தான் தேடணும்.

மெஷின் வகைக்கு உதாரணம், பெல்ஜியத்து எஃப்.என். நிறுவனம் 1906-ல விற்பனைக்குக் கொண்டுவந்த 6.35 மில்லிமீட்டர் பிரவுனிங். இதுக்கு சீரியல் எண்ணும் மாடலும் சொன்னா போதும், ஆனா உரிமம் இல்லாம வீட்டுல இருக்கக் கூடாத துப்பாக்கின்னு வெச்சுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, அமெரிக்காவுல செஞ்ச ரெமிங்டன் இரட்டைக் குழல் டெரிஞ்சர்ங்கிற சின்னப் பிஸ்டல், 1866-ல இருந்து 1935 வரைக்கும் வந்தது. அதுல போறது எப்பவும் ஒரே இடம்தான்: குழல் மேல தூக்கிற கீல். கீலோட காது ரொம்ப மெல்லிசு, அங்கதான் விரிசல் விடும். யாராவது அதை விக்க வந்தா முதல்ல அந்தக் காதைப் பாருங்க, பத்தவெச்ச தழும்பு இருக்கான்னு.

திருகாணிக்கு வருவோம், இதுலதான் அதிக நாசம் நடக்குது. ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த், திருகு மரையை எல்லாருக்கும் ஒரே அளவா ஒழுங்குபடுத்தச் சொன்னது 1841. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. கடையில கிடைக்கிற மெட்ரிக் திருகை ரெண்டு சுத்து இறங்குதேன்னு முறுக்கினா, ஓட்டையில இருக்கிற பழைய மரை போச்சு, அது திரும்ப வராது. வெர்னியர்ல விட்டம் பாருங்க, பிட்ச் கேஜ் (பல் வெட்டின தகடு) வெச்சு மரை பாருங்க. மரைப் பல்லோட கோணம் மெட்ரிக் கேஜ்ல 60 டிகிரி, விட்வொர்த்ல 55, பிந்தைய ஆங்கிலேயச் சின்னத் திருகுகள்ல வர்ற பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரையில 47.5. மூணு கேஜ்லயும் பல்லு சரியா உட்காராம நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது பட்டறை மரைதான். பழைய திருகோட காடி (தலையில இருக்கிற வெட்டு) ரொம்பக் குறுகல். இப்போ விக்கிற ஸ்க்ரூ டிரைவர் நுனி ஆப்பு மாதிரி இருக்கும், அது வழுக்கித் தலையைச் சிதைக்கும். நுனியை ரெண்டு பக்கமும் இணையா தேய்ச்சு, காடியில ஆடாம நிக்கிற மாதிரி பண்ணணும். கழட்டின திருகை ஒரு அட்டையில பிஸ்டல் படம் வரைஞ்சு அதே இடத்துல குத்தி வைங்க, ஒண்ணோட இடத்துக்கு இன்னொண்ணு போகாது.

கைப்பிடி நிம்மதியான வேலை, அதை மாத்தினதால துப்பாக்கி சுடப் போறதில்ல. கறுப்பா, பூ வேலைப்பாட்டோட இருக்கிறது பெரும்பாலும் கெட்டி ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு காஞ்சு, திருகை ஒரு கால் சுத்து அதிகமா முறுக்கினாலே பிளந்துடும். தண்ணியில கழுவினா பழுப்பேறிடும். ரெசின்ல வார்த்த மாற்றுக் கைப்பிடி வெளிநாட்டுல செய்யறாங்க. மரக் கைப்பிடின்னா இங்கயே நல்ல ஆசாரி வால்நட்லயோ ஈட்டியிலயோ செஞ்சுடுவார். பழசையே மாதிரியா கொடுங்க, வெளி விளிம்புல ஒரு மில்லிமீட்டர் கூட விட்டு வெட்டச் சொல்லி, கடைசியில அரத்தால இறக்குங்க. தந்தக் கைப்பிடி மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம், வாங்கினாலும் வித்தாலும் வன உயிரினச் சட்டத்துல குற்றம்.

குதிரை, விசை, ஸ்பிரிங், நிப்பிள், குழல் எல்லாம் வேற ரகம். உரிமம் உள்ள துப்பாக்கின்னா, பழுது பார்க்க உரிமம் பெற்ற ஆயுதக் கடை வழியாத்தான் போகணும், ரசீதுல உங்க உரிம எண் வரணும். வெளிநாட்டு இணையக் கடையில கார்டைத் தேய்ச்சு வரவழைக்காதீங்க. ஆயுதச் சட்டத்தோட 10-வது பிரிவுப்படி இறக்குமதிக்குத் தனி உரிமம் வேணும், இல்லன்னா பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்கும், உங்க பேர்லயும் வழக்கு வரும்.

விலக்குக்குள்ள வர்ற பொருள், கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறீங்கன்னா உடைஞ்ச குதிரை உடைஞ்சபடியே இருக்கலாம். வடிவம் முழுசா தெரியணும்னு ஆசைப்பட்டா, அதிகாரிகிட்ட கேட்டுட்டு, சாயம் பூசின ரெசின்ல ஒரு பொய்க் குதிரை செஞ்சு, பழையதைக் கழட்டாம தேன்மெழுகால ஒட்டி வைக்கலாம். பின்னாடி "புதுசு"ன்னு சின்னதா எழுதிடுங்க. கழட்டின பழைய துண்டு எதையும் தூக்கிப் போடாம, துணிப் பையில போட்டு, கலெக்டர் அலுவலகத்துக் கடிதத்தோட நகலையும் சேர்த்து அதே பெட்டியில வைங்க.