சாவி மட்டும் கைமாறல

எல்லாருக்கும் வணக்கம். சுதந்திரப் போராட்டத்தப் பத்தியும் பிரிட்டிஷ்காரங்க கொஞ்சம் கொஞ்சமா குடுத்த சுயாட்சி பத்தியும் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. ரொம்ப பெரிய விஷயம், ஒரு உரையில அடங்காது, அதனால நம்ம சென்னை மாகாணத்த மட்டும் எடுத்துக்கறேன்.

எங்க பாட்டி வீட்ல அரிசி பருப்பு வெக்கற ரூம் ஒண்ணு இருந்துச்சு. மருமக வந்ததும் அடுப்படி அவங்க பொறுப்புன்னு பாட்டி சொல்லிட்டாங்க, ஆனா அந்த ரூம் சாவி மட்டும் கடைசி வரைக்கும் பாட்டி இடுப்புலதான். பாட்டி அளந்து குடுக்கறதுல சமைக்கணும், பத்தலைன்னா பேச்சு வாங்கறது மருமக. மாகாண ஆட்சிய மாத்தி பிரிட்டிஷ்காரங்க போட்ட 1919 சட்டத்த படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாவிதான் கண்ணு முன்னாடி வரும்.

1916ல அன்னி பெசன்ட் அம்மா ஹோம் ரூல் லீக் ஆரம்பிச்சாங்க. நாங்களே எங்கள ஆண்டுக்கறோம், அவ்ளோதான் கோரிக்கை. 1917 ஜூன்ல சென்னை அரசாங்கம் அவங்கள ஊட்டியில காவல்ல வெச்சுது. ஹைகோர்ட் ஜட்ஜா இருந்து ரிட்டையர் ஆன சர் சுப்பிரமணிய ஐயர் இத பொறுக்க முடியாம நேரா அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே லெட்டர் எழுதினார். அதுக்கு லண்டன் பார்லிமெண்ட்ல கண்டனம் வந்தப்ப, சர் பட்டம் திவான் பகதூர் பட்டம் எல்லாத்தயும் நீங்களே வெச்சுக்கோங்கன்னு திருப்பி குடுத்துட்டார். எழுபது வயசு தாண்டின மனுஷர், அந்தக் காலத்துல அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்புன்னு நினைச்சுப் பாருங்க.

1917 ஆகஸ்ட் 20, பிரிட்டிஷ் மந்திரிசபையில இந்திய விவகாரத்த கவனிச்ச மாண்டேகு லண்டன்ல அறிவிக்கறார், இந்தியாவுக்கு படிப்படியா பொறுப்பாட்சி, அதாவது ஜனங்க தேர்ந்தெடுத்தவங்களுக்கு பதில் சொல்ற ஆட்சி, குடுக்கப் போறோம்னு. அன்னிக்கு பெசன்ட் அம்மா இன்னும் காவல்லதான் இருந்தாங்க, செப்டம்பர்லதான் விட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் 1919 சட்டம், ஜாலியன்வாலா பாக்ல சுட்டாங்களே அதே வருஷம் டிசம்பர்ல. மாகாண அரசாங்கத்த ரெண்டா பிரிச்சாங்க, இரட்டை ஆட்சின்னு பேரு. கல்வி, சுகாதாரம், விவசாயம், தொழில், கலால்ங்கற கள்ளு சாராய வரி இதெல்லாம் இந்திய மந்திரிங்களுக்கு. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் இதெல்லாம் கவர்னரோட நிர்வாக சபைக்கு. கவர்னர் நினைச்சா மந்திரி சொன்னதயும் தள்ளலாம்.

1920 தேர்தல்ல சென்னை மாகாணத்துல சுமார் 4 கோடி ஜனத்துக்கு ஓட்டு இருந்தது 12 லட்சம் பேருக்குத்தான், சொத்து இருக்கறவங்க வரி கட்டறவங்க இப்படி. காங்கிரஸ் புறக்கணிச்சுது, பிராமணரல்லாதாருக்காக ஆரம்பிச்ச ஜஸ்டிஸ் கட்சி ஆட்சிக்கு வந்துச்சு. அவங்கள வெள்ளைக்காரன் ஆளுங்கன்னு ஒரே வார்த்தையில தள்றது எனக்கு சம்மதமில்ல. 1921லயே பெண்களுக்கு ஓட்டு, அதே வருஷம் அரசாங்க வேலையில எல்லா ஜாதி மதத்துக்கும் பங்கு குடுக்கற வகுப்புவாரி அரசாணை, இதெல்லாம் அந்தக் கொஞ்ச அதிகாரத்த வெச்சு செஞ்சதுதான்.

அந்த ஆட்சியில வளர்ச்சித் துறை மந்திரியா இருந்தவர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, ஏலூரு பக்கம் வக்கீலா இருந்தவர். இந்த இரட்டை ஆட்சி எப்படி நடக்குதுன்னு விசாரிக்க 1924ல முடிமன் கமிட்டி போட்டாங்க, அதுல இவர் சாட்சி சொன்னார். நான் வளர்ச்சித் துறை மந்திரி, காடு எங்கிட்ட இல்ல. விவசாய மந்திரி, ஆனா பாசனம் எங்கிட்ட இல்ல, விவசாயிக்கு கடன் குடுக்கற சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. தொழில் மந்திரி, ஆனா ஃபேக்டரி, பாய்லர், மின்சாரம், சுரங்கம், தொழிலாளர் எதுவுமே எங்கிட்ட இல்லைன்னார். இத சொன்னது காங்கிரஸ்காரர் இல்ல, இந்தச் சட்டத்த நம்பி உள்ள போய் மூணு வருஷம் உண்மையா நடத்திப் பாத்தவர், அதனாலதான் மத்த எந்தக் கண்டனத்தையும் விட இதுக்கு கனம் ஜாஸ்தின்னு நான் நினைக்கறேன்.

அப்புறம் சைமன் கமிஷன், வட்டமேசை மாநாடு எல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான், நேரா 1935 சட்டத்துக்கு வந்துடறேன். இதுல மாகாணத்துல இரட்டை ஆட்சிய எடுத்துட்டாங்க, எல்லா துறையும் மந்திரிங்களுக்கு வந்துச்சு, ஆனா கவர்னருக்கு தனிப் பொறுப்புகள்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு, அதுல அவர் மந்திரி பேச்ச மீறி தானே முடிவெடுக்கலாம். 1937 தேர்தல்ல காங்கிரஸ் 215க்கு 159 இடம் ஜெயிச்சுது, ஜெயிச்சும் பதவி ஏத்துக்கல, தினசரி நிர்வாகத்துல கவர்னர் தலையிட மாட்டேன்னு வாக்கு குடுக்கணும்னு நின்னுது. அந்த மூணரை மாசம் இடைக்கால பிரதமரா (மாகாண முதலமைச்சர அப்ப அப்படித்தான் சொல்வாங்க) உக்காந்தவர் யார் தெரியுமா, அதே வெங்கட ரெட்டி நாயுடுதான்.

ஜூலைல ராஜாஜி வந்தார். சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார், கள்ளு சாராய வருமானம் போனதுக்கு ஈடா 1939ல விற்பனை வரி போட்டார். அடுப்போட சாமான் ரூமும் கொஞ்சம் கைக்கு வந்தா என்ன முடியும்னு அப்பதான் தெரிஞ்சுது. ஆனா ஒண்ண மறைக்கக் கூடாது. 1938ல இந்தி எதிர்ப்பு வந்தப்ப, சுதந்திரப் போராட்டக்காரங்கள அடக்க வெள்ளைக்காரன் வெச்சிருந்த அதே கிரிமினல் சட்டத் திருத்தத்தையே ராஜாஜி ஆட்சி நம்ம ஆளுங்க மேல போட்டுச்சு. நடராசன், தாளமுத்து ரெண்டு இளைஞர்கள் சிறைவாசத்துல உயிர் விட்டாங்க. அது இன்னிக்கும் எனக்கு ஆறல.

1939 செப்டம்பர் 3, இந்தியாவும் யுத்தத்துல இருக்குன்னு வைஸ்ராய் லின்லித்கோ அறிவிச்சார். மாகாணங்கள்ல ஓட்டு போட்டு வந்த மந்திரிசபைங்க இருந்துச்சு, ஒருத்தரையும் கேக்கல. அக்டோபர் கடைசியில சென்னை மந்திரிசபை ராஜினாமா பண்ணுச்சு, கவர்னர் 1935 சட்டத்தோட 93வது பிரிவ எடுத்து தானே ஆள ஆரம்பிச்சார். அடுத்த மந்திரிசபை காங்கிரஸ் தலைவர் பிரகாசம் தலைமையில வர 1946 ஏப்ரல் ஆயிடுச்சு. ஆறு வருஷத்துக்கு மேல, அடுப்படியும் சேத்து, எல்லாம் திரும்ப அவங்க கைலதான் இருந்துச்சு. நன்றி, வணக்கம்.