இலங்கையில் 1990-ஐ அழைத்தால் வருவது யார் கொடுத்த வண்டி?

கொழும்பில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், பக்கத்தில் நிற்பவர் 1990-ஐ அழைப்பார். சென்னையில் நாம் 108-ஐ அழைப்பது போலத்தான், இலவசம். 2016-ல் இந்தியா கொடுத்த மானியத்தில், 88 ஆம்புலன்ஸ்களோடு ஆரம்பித்த சேவை அது.

வணக்கம் நண்பர்களே! ராணுவத்தை அனுப்பாமலே பக்கத்து நாட்டு மக்களிடம் இடம்பிடிப்பதை மென்சக்தி என்கிறார்கள். அமைதிப்படை என்ற பெயரில் இலங்கைக்கு ராணுவத்தை அனுப்பியும் பார்த்தது இந்தியா, 1987 முதல் 1990 வரை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒரு காலத்தில் செல்வாக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தது! 1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அது கிட்டத்தட்ட நின்றே போனது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகள் அமைத்த பலமான சிற்றலை ஒலிபரப்பி அங்கே இருந்தது. இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்த பாட்டு நிகழ்ச்சி விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து இந்தியா முழுக்க ஒலித்தது. தமிழ்நாட்டில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தனி மவுசு. பிறகு வந்த அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்புக்காகவே கேட்டவர்கள் உண்டு. பாட்டெல்லாம் நம்முடையது, ஆசையாக எடுத்துப் பரிமாறியது அவர்கள். கடைசியில் டெல்லி இறங்கிவந்து, 1957 அக்டோபர் 3-ல் சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி வானொலியைத் தொடங்கியது. அந்தச் சின்னத் தீவை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

சரி, பணக் கணக்கை வேகமாகப் பார்த்துவிடுவோம். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தியா செய்த உதவி சுமார் 400 கோடி டாலர். தமிழக அரசும் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி, பால்மாவு, மருந்து அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக்கொடுத்த கலாச்சார மையத்துக்கு 2025-ல் திருவள்ளுவர் பெயரும் வந்தது.

இவ்வளவும் செய்துவிட்டு, கடலில் என்ன நடக்கிறது? நம் இழுவைப்படகுகள் வடக்கு மாகாண மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. கடலடியை வாரிக்கொண்டு போகும் இந்த இழுவைமடி மீன்பிடிப்பை இலங்கை 2017-லேயே சட்டப்படி தடைசெய்துவிட்டது. வலையை இழந்த குடும்பம் நம்மை அந்த வலையை வைத்துத்தான் எடைபோடும், கலாச்சார மையத்தை வைத்து அல்ல. நம் மீனவர்கள் கைதாகும்போது நமக்குத் துடிக்கிறது, துடிக்கத்தான் வேண்டும். அந்தப் பக்கம் பட்டினி கிடப்பவரும் தமிழ் மீனவர்தானே? இழுவைப்படகை விட்டு ஆழ்கடலுக்கு மாற 2017-லிருந்து அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம், நாகை பக்கம் அப்படி மாறியவர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.