திரையைப் பார்க்காதீர்கள், மூச்சைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ட்ரெட்மில்லா, சைக்கிளா, எதில் கலோரி அதிகம் எரியும்? ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். திரையில் ஓடும் கலோரிக் கணக்கை வைத்து இதற்குப் பதில் தேடாதீர்கள். பல இயந்திரங்கள் உங்கள் எடையைக்கூடக் கேட்காமலே அந்த எண்ணைக் காட்டுகின்றன. மூச்சுதான் நம்பகமான அளவுகோல். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் பயிற்சி மிதமானது. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது.

ஆறு வகை இயந்திரங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. ஒரே அளவு சிரமமாகத் தோன்றும்போது ட்ரெட்மில்லில்தான் ஆற்றல் அதிகம் செலவானது. சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. பழகாதவர்களுக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடை சோர்ந்துவிடும். அதனால் ட்ரெட்மில்லில் எட்டும் இதயத் துடிப்பை சைக்கிளிலும் எட்ட வேண்டுமென்று மிதிக்காதீர்கள்.

ட்ரெட்மில்லில் ஓடித்தான் ஆகவேண்டும் என்றில்லை. மணிக்கு 5.5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டே சாய்வை 5 சதவீதம் ஏற்றுங்கள். உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், சமதள நடையைவிடப் பாதிக்கு மேல் கூடிவிடும். ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி வீண். பிடிக்காமல் நடக்க முடியவில்லையா, சாய்வைக் குறையுங்கள்.

சைக்கிளில் முதலில் இருக்கை உயரத்தைப் பாருங்கள். குதிகாலை மிதியில் வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். ஏறினால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நின்றபடியே கால்களை நீள்வட்டமாகச் சுழற்றும் கிராஸ் ட்ரெய்னரும் நல்லது, பாதம் மிதிதட்டைவிட்டு எழாததால் மூட்டில் விழும் அதிர்வு குறைவு.

அதிகம் தவறாகப் பயன்படுவது, துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷின். கைவலுவுக்கான கருவி என்று நினைத்துக் கையால் இழுக்கிறார்கள். வேலையில் பெரும்பங்கு கால்களுடையது. முதலில் கால்களால் தள்ளுங்கள், பிறகு இடுப்பிலிருந்து உடலைச் சற்றுப் பின்னே சாயுங்கள், கடைசியில்தான் கைகள். திரும்பும்போது கை, உடல், கால். கைப்பிடி முழங்காலைத் தாண்டும்வரை முழங்காலை மடக்காதீர்கள். மடக்கினால் கைப்பிடியைத் தூக்கி அதைக் கடக்க வேண்டிவரும், தாளமும் கெடும். தள்ள ஒரு பங்கு நேரம், திரும்ப இரண்டு பங்கு. நிமிடத்துக்கு 20 முதல் 24 இழுப்பு போதும்.

இழுக்கும்போது காற்றாடி சுழலும் வகை ரோயிங் மெஷினில் பக்கவாட்டு நெம்புகோலை உச்ச அளவான 10-இல் வைத்தால் பலன் இரட்டிப்பாகும் என்று நம்புகிறார்கள். அது காற்று நுழையும் வழியின் அளவை மாற்றுகிறது. இழுப்பு கனமாகும், அவ்வளவுதான். இடுப்பு வலிக்கு அங்கேதான் தொடக்கம். 3 முதல் 5-க்குள் வையுங்கள், கூடுதல் வேகம் காலிலிருந்து வரட்டும்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எந்த இயந்திரத்திலும் துடிப்பு இலக்கு பொருந்தாது. அவர்களும் பேச்சை வைத்தே அளந்துகொள்ளலாம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.