ஒரு ஆக்சிஜன் குறைஞ்சா மருந்து வெறும் பொடி

(கும்பகோணத்துல ஒரு நூலக ஹால்ல நான் பேசினது, பேசினபடியே டைப் பண்ணிருக்கேன்)

வணக்கம், பின்னாடி கேக்குதா? வர்றப்ப டீக்கடையில ஒரு பெரியப்பா புடிச்சுக்கிட்டாரு, ஏன் தம்பி, மருந்தோட படத்தைப் பாத்தே மலேரியாவைக் கேக்குமா கேக்காதான்னு கம்ப்யூட்டர் சொல்லிடுமாமேன்னு. சொல்லும் பெரியப்பா, ஆனா நல்லா ஏமாத்தவும் செய்யும்.

நம்ம கொள்முதல் நிலையத்துல நெல்லை வாயில போட்டு நறுக்குன்னு கடிச்சே ஈரம் 17-க்கு மேலயா கீழயான்னு சொல்ற ஆளுங்க இருக்காங்கல்ல, கம்ப்யூட்டரும் அப்படித்தான் பழகுது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எடை எவ்வளவு, எண்ணெயில கரையுமா, எந்த வளையம் எங்க ஒட்டிருக்குன்னு நம்பராக்கி, கிருமியோட வளர்ச்சியைப் பாதியாக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டுச்சுன்னு லேப்ல அளந்ததையும் பக்கத்துல வெச்சுக் குடுப்போம். அதைப் பாத்துப் பழகி, புது மூலக்கூறு கேக்குமான்னு ஊகிக்கிற புரோகிராமைத்தான் மாடல்னு சொல்றோம். 2010-ல கிளாக்ஸோங்கிற மருந்துக் கம்பெனி இப்படி அளந்த மூலக்கூறுங்க 13,000-க்கு மேல பொதுவுல வெளியிட்டாங்க, பெரிய மனசுதான்.

இப்ப ஆர்ட்டிமிசினின்ங்கிற மலேரியா மருந்தை எடுத்துக்கோங்க, சீனாவுல 1972-ல தூ யோயோ குழு ஒரு செடியிலேர்ந்து பிரிச்சது, அதுக்காக 2015-ல தூ யோயோ நோபல் வாங்குனாங்க. அதுக்குள்ள ரெண்டு ஆக்சிஜன் கைகோத்துக்கிட்டு நிக்குது. கிருமி நம்ம ரத்தத்துல ஹீமோகுளோபினைத் தின்னுட்டு மிச்சம் விடுற ஹீம்ல இரும்பு இருக்கு பாருங்க, அது வந்து அந்தக் கையைப் பிரிச்சு விட்டதும் மருந்து வெறி புடிச்ச மாதிரி கிருமியோட புரோட்டீனையெல்லாம் கடிச்சுக் குதறிடும். அந்த ரெண்டுல ஒரு ஆக்சிஜனை மட்டும் எடுத்துட்டா எடை 282-லேர்ந்து 266, படத்துல அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா கிருமிக்கு ஒண்ணும் ஆகாது! உருவ ஒற்றுமையை மட்டும் நம்புற மாடல் ரெண்டுக்கும் ஒரே மார்க் போட்டுடும்.

நானும் ஏமாந்தேன். என் மாடல் பிரமாதமா மார்க் வாங்குச்சுன்னு வீட்ல ஸ்வீட்டெல்லாம் வாங்கிக் குடுத்துட்டேன், அப்புறம் பாத்தா பழக்கினதும் பரீட்சை வெச்சதும் குளோரோகுயின்ங்கிற பழைய மலேரியா மருந்தோட ஒரே குடும்பம், அதாவது ஆடுதுறை நெல் ரகத்தையே கடிச்சுப் பழகினவர்கிட்ட மறுபடி ஆடுதுறையையே நீட்டி சபாஷ் போட்டிருக்கேன். குடும்பம் குடும்பமாப் பிரிச்சு, பழக்காத குடும்பத்தை நீட்டினா மார்க் சுத்தமா படுத்துடுச்சு. அந்தப் படுத்த மார்க்கைத்தான் ரிப்போர்ட்ல போட்டேன், ஸ்வீட் காசு போனது போனதுதான்.

டீ வந்துடுச்சு போல, கேள்வி இருந்தா குடிச்சுக்கிட்டே கேளுங்க.