சாம்பவர்வடகரையிலிருந்து கிளம்பிய சுருதிக் கணக்கு: ஆபிரகாம் பண்டிதர்

(காட்சி: சூரியகாந்தி வயல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை)

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதம் செங்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள், ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரள வண்டிகள் வரிசையாக இறங்கிக்கொண்டே இருக்கும். பாதிக் கூட்டம் குற்றால அருவிக்கு, மீதிக் கூட்டம் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை பக்கத்துச் சூரியகாந்தி வயலுக்கு. குடும்பத்தோடு போட்டோ எடுத்து, ரீல்ஸ் எடுத்து, வழியில் புரோட்டா சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் மலையேறிவிடுவார்கள். அந்தச் சாம்பவர்வடகரையில், அதே பூ பூக்கிற மாதத்தில், 1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

பெயரைக் கேட்டதும் "கருணாமிர்த சாகரம் என்ற தமிழிசை ஆராய்ச்சிப் புத்தகம் எழுதியவர்தானே, பெரிய ஆராய்ச்சியாளர்" என்பீர்கள். சரிதான். ஆனால் அந்தப் புத்தகத்துக்குப் பத்து வருடம் முன்பே அவர் கீர்த்தனை எழுதி மெட்டமைத்தவர். ஆராய்ச்சிக்கான கேள்வியே கோயில் பாட்டிலிருந்துதான் அவருக்குக் கிளம்பியது என்று நான் நினைக்கிறேன். கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவக் கோயிலை, சர்ச்சை. ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன்.

(காட்சி: ஆர்மோனியம், பக்கத்தில் பாமாலை, கீர்த்தனை புத்தகங்கள்)

நான் புளியரைப் பக்கத்துக்காரன். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் வரைக்கும் எங்களுக்குச் சொந்தம் உண்டு, கல்யாண வீட்டில் ஒரு வரிசை தமிழ் பேசும், ஒரு வரிசை மலையாளம் பேசும். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தானே. சின்ன வயதில் கோயிலில் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது இது: ஆராதனை தொடங்கும்போது பாமாலை, அதாவது இங்கிலாந்து, ஜெர்மனி மெட்டில் தமிழ் வார்த்தை, கொயர் நாலு குரலாகப் பிரிந்து பாடும். அரை மணி கழித்துப் பிரசங்கத்துக்கு முன்னால் கீர்த்தனை, பல்லவி, அனுபல்லவி, சரணம், ராகம், தாளம் எல்லாம் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆர்மோனியம், ச-விலிருந்து மேல் ச வரைக்கும் அதே 12 கட்டை. பாமாலையில் கட்டை கச்சிதமாகப் பொருந்தும். கீர்த்தனையில் மட்டும் பாடுகிற தாத்தாமாரின் குரல் இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ போய் நின்று வரும். அந்த நடு இடம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றியதில்லை.

பண்டிதர் வளர்ந்ததும் இந்தத் திருநெல்வேலிச் சீமைக் கோயில் இசையில்தான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864 வரை உயிரோடிருந்தார். அவர் பாடல்களையும் மற்றவர்கள் பாடல்களையும் சேர்த்து மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைப் புத்தகம் அச்சடித்திருந்தார். ஆக, ஒரு காதில் பாமாலை, மறு காதில் கீர்த்தனை என்று வளர்ந்த முதல் சில தலைமுறைகளில் ஒருவர் இவர். சபா மேடையில் மட்டும் பாடுகிற வித்துவானுக்கு ஆர்கன் கட்டையும் நம் சுரமும் ஒன்றா என்ற கேள்வி தலைபோகிற கேள்வியில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டையும் பாடுகிறவனுக்கு அது விடாமல் உறுத்தும்.

வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் சுரண்டைக்கு மாறியது, பையன் திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி முடித்து அங்கேயே வாத்தியார் ஆனார், அங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் இசை படித்தார். நாட்டு மருத்துவத்தில் பைத்தியம். மூலிகை தேடிச் சுருளிமலைக்குப் போனார். கம்பம் பக்கத்துச் சுருளி அருவி தெரியும்தானே, குமுளி எல்லைக்குக் கீழே. அந்த மலையில் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வாத்தியார், மலையில் இருந்த ஒரு சித்த மருத்துவ முனிவரைக் குருவாக ஏற்றுக்கொண்டு, கடைசிவரை அந்தப் பெயரை மறைக்காமல் எல்லாவற்றுக்கும் வைத்தார்: மருந்துக்குக் கருணானந்தர் சஞ்சீவி, தோட்டத்துக்குக் கருணானந்தபுரம், புத்தகத்துக்குக் கருணாமிர்த சாகரம். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம் இது.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளைக் கல்யாணம் செய்தார், அடுத்த வருடம் தஞ்சாவூருக்குப் போய் இரண்டு பேரும் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். 1890இல் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியம். மருந்து இலங்கை, பர்மா வரைக்கும் விற்றது, கையில் பணம் சேர்ந்தது, தஞ்சாவூருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டார், ஊர் அதைப் பண்டிதர் தோட்டம் என்றது. 1909இல் ராவ் சாகிப் பட்டம் வந்தது. அந்தப் பணமெல்லாம் எங்கே போனது என்று பாருங்கள், இசைக்குப் போனது.

(காட்சி: ஒற்றைக் கம்பி, மேலே விரல்)

இப்போது பொறுமையாகக் கேளுங்கள், வீடியோவின் முக்கியமான இடம் இது. ஒரு கம்பியை மீட்டினால் ச. சரிபாதியில் விரல் வைத்து மீட்டினால் மேல் ச, இந்த இடைவெளிதான் ஒரு ஸ்தாயி. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை ஒலிக்கவிட்டால் ப. அந்தப் ப-வை ச என்று வைத்துக்கொண்டு அதற்கு ஒரு ப பிடியுங்கள், அதற்கு இன்னொன்று, இப்படிப் பன்னிரண்டு தடவை ஏறினால் ஏழு ஸ்தாயி தாண்டிக் கிளம்பின ச-விலேயே வந்து நிற்க வேண்டும். ஆனால் நிற்காது. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரண்டு மடங்கு, ஏழு ஸ்தாயி என்றால் 128 மடங்கு. ஒரு ப ஏறினால் ஒன்றரை மடங்கு. ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 129.7 சொச்சம் வருகிறது. அந்தச் சொச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் உலகம் முழுக்க இசைக்காரர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் அப்போது எல்லோரும் சொன்னது ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி, அதாவது 22 நுண்ணிய சுர இடங்கள், 13ஆம் நூற்றாண்டின் சாரங்கதேவர் சொன்ன கணக்கு. அந்த 22-ஐ எப்படிப் பங்கு போடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. பண்டிதர் வேறு இடத்தில் போய்த் தேடினார், சிலப்பதிகாரத்தில். உ.வே. சாமிநாதையர் உரையோடு அதைப் பதிப்பித்தது 1892இல், அந்தப் பதிப்பு வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்தின் பெயரை வைப்பாள். உரையாசிரியர்கள் அந்தச் சுரங்களை 12 ராசி வீடுகளில் உட்கார வைத்துக் காட்டுகிறார்கள். வட்டம் என்றால் கிளம்பின இடத்தில் வந்து முட்ட வேண்டும், சொச்சம் நிற்கக் கூடாது. அப்படியானால் வீடுகள் எல்லாம் சம அளவு என்று பண்டிதர் பிடித்துக்கொண்டார்.

ஆயப்பாலை, வட்டப்பாலை என்பவை சுரங்களை வீடுகளில் வைக்கும் பழந்தமிழ் முறைகள். ஆயப்பாலையில் 12 சம வீடு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 1.0595 மடங்கு, பன்னிரண்டு தடவை பெருக்கினால் சரியாக இரண்டு. அது ஆர்மோனியக் கட்டையேதான்! வட்டப்பாலையில் ஒவ்வொரு வீடும் இரண்டாகிறது, மொத்தம் 24. நான் சின்ன வயதில் கேட்ட தாத்தாமாரின் அந்த நடு இடம் அவர் கணக்கில் இங்கே வருகிறது. அப்புறம் அந்த 22? வட்டப்பாலையில் பண் பாடும்போது விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு, அதாவது ஒவ்வொரு சுருதி, குறைத்துப் பாடினார்கள், 24இல் இரண்டு போனால் 22, அந்தக் குறைத்த கணக்கைப் பின்னால் வந்தவர்கள் மொத்தக் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் வாதம்.

(காட்சி: தம்புரா, பக்கத்தில் கீபோர்டு)

இதை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்துக் கேளுங்கள், அதிலிருந்து தானாக எழும்பி வருகிற காந்தாரம் கீபோர்டு காந்தாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கி இருக்கும். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பதினான்கு பங்கு வித்தியாசம், பழகின காதுக்குத் தெரியும். அந்த இடத்தில் என் காது தம்புராவோடுதான் போகிறது. ஆனால் வட்டம் மூட வேண்டும், எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் பண் அப்படியே பெயர வேண்டும் என்று கேட்டால் சமமாகப் பிரிக்காமல் வழியில்லை, அதில் பண்டிதர் கணக்கு உறுதியாக நிற்கிறது.

அவர் இதை வீட்டுக்குள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, வித்துவான்களை வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து ஆறு மாநாடு நடத்தினார், பெரும்பாலும் சொந்தச் செலவில். 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது அங்கேயும் போய், தம் குடும்பத்துப் பெண்கள் பாடியும் வீணை வாசித்தும் காட்ட, தம் சுருதிக் கணக்கை எடுத்து வைத்தார். 1917இல் கருணாமிர்த சாகரம் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், தம் சொந்த அச்சகத்தில் அடித்தது. மருந்து விற்று, அச்சுக்கூடம் வைத்து, தமிழிசைக்கு இவ்வளவு பெரிய புத்தகம் போட்ட மனிதர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் நான் உங்களை முதலில் திறக்கச் சொல்வது அந்தப் பெரிய புத்தகத்தை இல்லை, 1907இல் வந்த கருணாமிர்த சாகரத் திரட்டை. அவரே எழுதி மெட்டமைத்த 90க்கு மேற்பட்ட உருப்படிகள், கீதம், சுரசதி, கீர்த்தனை என்று படிப்படியாக, தமிழில், சுரக்குறிப்போடு. கர்நாடக இசை படிக்க உட்காரும் பிள்ளைக்கு முதல் கீதமே புரியாத மொழியில் இருந்த காலம் அது. அந்தப் பிள்ளைக்குத் தமிழில் தெய்வத்தை நோக்கிப் பாட ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் கொயரில் பாமாலை பழகுவதற்கு வாரம் மூன்று நாள் ஒதுக்குகிறோம், கீர்த்தனையை மட்டும் ஞாயிறு காலையில் கீபோர்டின் ரிதத்தைத் தட்டிவிட்டு ஓட்டிவிடுகிறோம். ராகம் தேய்ந்து எல்லாக் கீர்த்தனையும் ஒரே மாதிரிக் கேட்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பண்டிதர் 1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி இறந்தார், அவர் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி 1946இல் வெளியிட்டார்.

(காட்சி: கோயில் திண்ணை, சுருதிப் பெட்டி, ஐந்தாறு பிள்ளைகள்)

இந்த மாதம் வியாழக்கிழமை சாயங்காலங்களில் திரட்டிலிருந்து ஒரு கீதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், கீபோர்டு இல்லாமல், சுருதிப் பெட்டியை மட்டும் வைத்து. அதில் இரண்டு பிள்ளைகள் மலையாளம்தான் வீட்டில் பேசுவார்கள், தமிழ் வரியை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். நேற்று எடுத்த பதிவு இது, இன்னும் சரியாகச் சேரவில்லை, இருந்தாலும் கேளுங்கள்.