‘சான்று தேவை’

(சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை மாலை, வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வாசலிலேயே இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “சார், திருக்குறள் பேசுவீங்கன்னு வந்தோம். பாட்டுக்காரங்களப் பத்தியா பேசப் போறீங்க?” என்றார்கள். ஆமாம், பாட்டுக்காரர்களைப் பற்றித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பாட்டுக்காரரைப் பற்றி விக்கிப்பீடியாவில் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நடக்கிற சண்டையைப் பற்றி. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மை போட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சண்டையில் போய் விழுந்தேன், என் கட்டுரைக்கு இன்னொருவன் சிவப்பு மை போட்டான். அடிபட்டவன் பேச்சு கொஞ்சம் நீளும். வடை பின்னால்தான் இருக்கிறது, எங்கும் ஓடாது.

2009 ஜூன் 26, வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி இருபத்தாறு நிமிடம். இங்கே தோட்டங்களில் பெரட்டுக்கு ஆள் சேரும் நேரம். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது முதல் நாள் பிற்பகல். மைக்கேல் ஜாக்சன் இறந்துவிட்டார் என்று மருத்துவமனையில் அறிவித்த நிமிடம் அது. 1996-இல் அவர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஆடியபோது வேன் பிடித்துப் போய்ப் பார்த்தவர் ஒருவர் இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார், சிரிக்கிறார். செய்தி கசிந்ததும் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் ஒரே மணி நேரத்தில் அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தைத் திறந்தார்கள். திறந்தவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகவில்லை. ‘இறந்தார்’ என்று ஒருவர் எழுத, ‘யார் சொன்னது?’ என்று இன்னொருவர் எடுக்க, மறுபடி எழுத, மறுபடி எடுக்க, ஒரே அமளி.

நம் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு சாவு விழுந்தால் தப்பு மேளச் சத்தமே போதும், யாரும் சான்று கேட்க மாட்டார்கள். அங்கே கேட்பார்கள். உலகத்துக்கே தெரிந்த சாவாக இருந்தாலும், எந்தச் செய்தி நிறுவனம் உறுதி செய்தது என்று கேட்பார்கள். முதலில் எனக்கு இது மனிதத்தன்மை இல்லாத வேலையாகத் தெரிந்தது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கியது, தமிழில் 2003-இல். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அடுத்தவர் எழுதியதை அழிக்கலாம். நாம் பார்ப்பது முன்வாசல். பின்கட்டில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று உரையாடல் பக்கம், சண்டை அங்கே. இன்னொன்று வரலாறு. எவர், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்று அங்கே எல்லாம் பதிவாகியிருக்கும். நம் கோயில் கூட்டத்து மினிட்டுப் புத்தகம் மாதிரி என்று சொல்லலாம். என்ன, இதில் பக்கத்தைக் கிழிக்க முடியாது. (சிரிப்பு) யாரையும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விதி இருக்கிறது. ஒரே பக்கத்தில், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், அடுத்தவர் செய்ததை மூன்று தடவைக்கு மேல் திருப்பி மாற்றினால் தடை விழும். நீங்கள் சொல்வது சரியா தவறா என்பது அங்கே கேள்வியே இல்லை. மல்லுக்கு நின்றாயா, வெளியே போ. அவ்வளவுதான்.

இந்தச் சண்டைகளில் பாதி, கேட்டால் சிரிப்பு வரும். பீட்டில்ஸ் குழுவின் பெயருக்கு முன்னால் ‘தி’ என்று ஒரு ஒட்டு வருகிறதே, வாக்கியத்தின் நடுவில் வரும்போது அதன் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்று வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். 2012-இல் வாக்கெடுப்பு வரைக்கும் போய், அமெரிக்கப் பத்திரிகையில் செய்தியாகவும் வந்தது. சின்ன எழுத்து ஜெயித்தது. தமிழில் பெரிய எழுத்தே இல்லை, நாம் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நமக்கென்று ஜ, ஷ, ஸ, ஹ இருக்கின்றன. ஜாக்சனா, சாக்சனா என்று ஆரம்பித்தால் விடிய விடியப் பேச ஆள் இருக்கிறது. கிரந்தம் வேண்டும் என்போர், கூடாது என்போர். ‘டொராண்டோ’ என்று எழுதும் தமிழ்நாட்டுக்காரர், ‘ரொறன்ரோ’ என்று எழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். நடுவில் மலேசியக்காரர் நாம். நம் ஊர்ப் பெயரையே சிப்புட் என்று ஒரு பலகையிலும் சிப்பூட் என்று இன்னொரு பலகையிலும் எழுதிவைத்துக்கொண்டு ஊருக்கு நியாயம் சொல்லப் போகிறோம்.

மீதிப் பாதி அவ்வளவு சிரிப்பில்லை. மரையா கேரி என்கிற அமெரிக்கப் பாடகி இருக்கிறார். நம்ம கேரித் தீவுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது, அது ஒரு தோட்டத்துத் துரையின் பெயர். அந்த அம்மையார் பிறந்தது 1969-லா 1970-லா? இரண்டுக்கும் அச்சில் சான்று இருக்கிறது. ரசிகர்கள் மாற்றி மாற்றி எழுதினார்கள். நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். மலேசியாவில் வயதை மறைக்க முடியுமா? ஐசி, அதாவது அடையாள அட்டை, அதன் எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். 08 என்றால் நம் பேராக். கடைக்காரனுக்குக்கூட நம் வயது தெரியும். ஆனால் ஐசி கையில் கிடைத்தாலும் அதை விக்கிப்பீடியாவில் சான்றாகப் போடக் கூடாது. உயிரோடிருக்கிற ஒருவரைப் பற்றி எழுதும்போது அரசாங்கப் பதிவுகளைத் தோண்டிப் போடுவதற்குத் தடை. ஏற்கெனவே நம்பகமான இடத்தில் அச்சில் வந்திருக்க வேண்டும்.

அச்சு என்றதும் நம் தலைமுறை கும்பிடும். அதனால் ஒரு கதை. 2009 மார்ச்சில் மோரிஸ் ஜார் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இறந்தார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்துக்கு இசை அமைத்தவர். செய்தி வந்த சூட்டோடு டப்ளினில் ஒரு பல்கலைக்கழக மாணவன், அவர் சொன்னதாக ஒரு வாசகத்தைத் தானே புனைந்து அவருடைய பக்கத்தில் சேர்த்தான். சான்று இல்லை என்று விக்கிப்பீடியாக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். அவன் மறுபடி போட்டான், மறுபடி எடுத்தார்கள். இந்த இடைவெளிக்குள் பத்திரிகைக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். லண்டன் கார்டியன் உட்படப் பல பத்திரிகைகளின் அஞ்சலிக் கட்டுரைகளில் அந்தப் பொய் வாசகம் அச்சாகிவிட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான் பையன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவனே எழுதிச் சொன்ன பிறகுதான் திருத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், அவன் சொல்லாமல் இருந்திருந்தால்? அடுத்த வருடம் ஒருவர் அதே வாசகத்தை விக்கியில் சேர்த்துவிட்டு, ‘சான்று: கார்டியன்’ என்று போட்டிருப்பார். எவனாலும் அசைக்க முடிந்திருக்காது. திருடன் வீட்டுக்குள் புகுந்து, ரேஷன் அட்டையிலும் பெயர் சேர்த்துக்கொண்ட மாதிரி.

இனி நம் பெண்ணிடம் வருகிறேன். மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த, மறுபடி லண்டனுக்கே அகதியாக வந்து சேர்ந்தவர். 2005-இல் முதல் இசைத்தொகுப்பு, பெயர் ‘அருளர்’. அப்பாவின் இயக்கப் பெயர். 2007-இல் அடுத்தது ‘கலா’, அம்மாவின் பெயர். இத்தனை பெரிய மேடையில் அப்பா அம்மா பெயரை இப்படிச் சூடிக்கொண்ட வேறொரு பாப் பாடகியை எனக்குத் தெரியாது. 2009-இல் ரகுமானோடு சேர்ந்து ஆஸ்கார் பரிந்துரை, நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாட்டு.

அப்பா அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஈரோஸ் வேறு, விடுதலைப் புலிகள் வேறு. யாழ்ப்பாணத்தில் இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் மேற்குப் பத்திரிகைகளில் அவர் திரும்பத் திரும்பப் புலியாகத்தான் வந்தார். துப்பாக்கி தூக்கிய தமிழன் என்றால் அவர்களுக்கு எல்லாம் ஒரே பெட்டி. மகள் மறுத்துப் பேசினார், பேட்டிகளில் எரிச்சல்பட்டார். பெட்டி மாறவில்லை.

இப்போது விக்கிப்பீடியாவில் உட்கார்ந்து அவரைப் பற்றி எழுதுகிறவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு உண்மை தெரியும். உங்கள் சித்தப்பாவே அந்தக் காலத்தில் அங்கே இருந்தவராக இருக்கலாம். எதிரே நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் அவர் கையில் உலகம் மதிக்கும் ஒரு பத்திரிகையின் பக்கம் இருக்கிறது. விதிப்படி அவர் கைதான் ஓங்கும். சித்தப்பாவைச் சான்றாகக் காட்ட முடியாது. சரியாக எழுதிய ஓர் ஆய்வு நூலையோ, கட்டுரையையோ, திருத்தம் வெளியிட்ட வேறொரு பத்திரிகையையோ தேடிக்கொண்டு வந்து வைத்தால்தான் வழக்கு நிற்கும்.

இதற்காக விதியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குச் சம்பந்தம் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ விளையாட்டாக எழுதிவிட்டுப் போனார். கென்னடி குடும்பத்துக்கு நெருக்கமான மனிதர் அவர். நாலு மாதம் அந்தப் பழி அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் உயிரோடிருப்பவர்களைப் பற்றிய விதிகளை இறுக்கினார்கள். சான்றில்லாத அவதூறு என்றால் விவாதமே வேண்டாம், முதலில் எடு, பிறகு பேசு. சித்தப்பா சொன்னார் என்று எழுத விட்டால் எதிரியின் சித்தப்பாவும் வருவார் இல்லையா?

ஆகத் தவறான அச்சை மடக்க, சரியான அச்சு வேண்டும். லண்டனில் இருப்பவருக்கு நூலகம் இருக்கிறது. நமக்கு?

என் கதைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துப் பாடகி ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். எண்பதுகளில் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் அவர் பாடினால் பெட்ரோமாக்ஸ் அணைந்த பிறகும் கூட்டம் கலையாது. மூன்று ஒலிநாடா வெளியிட்டார். அவரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சிறு கட்டுரை இருப்பதாக என் பழைய மாணவி காட்டினாள். ‘ஈப்போவில் பிறந்தவர்’ என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்து லயத்துப் பிள்ளை அவர்! ஈப்போவை அழித்துவிட்டுத் தோட்டத்தின் பெயரைப் போட்டேன். மறுநாள் காலை மறுபடி ஈப்போ. நான் மாற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் ஈப்போ. மாற்றினேன். மாலைக்குள் ஐந்தாறு தடவை ஆகிவிட்டது. எனக்கு ஒரு நாள் தடை. நியாயமான தடைதான், மல்லுக்கு நின்றது நான்.

தடை முடிந்து உரையாடல் பக்கத்துக்குப் போனேன். எதிராளி மரியாதையான பையன். “ஐயா, சான்று ஏதேனும் உண்டா?” என்று எழுதியிருந்தான். “நானே சான்று. அவர் தவழ்ந்ததைப் பார்த்தவன்” என்று எழுதினேன். “மிக்க மகிழ்ச்சி ஐயா. உங்களை எப்படி அடிக்குறிப்பில் போடுவது?” என்று கேட்டான்.

தேடப் போனேன். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கட்டைக் கணக்கில், அதாவது மைல் கணக்கில், வைத்த பெயர் ஒன்று என்று அந்தத் தோட்டத்துக்கே இரண்டு பெயர். இன்று அங்கே லயமும் இல்லை, கித்தா என்கிற ரப்பர் மரமும் இல்லை, செம்பனைதான் வரிசையாக நிற்கிறது. படிப்பகத்தில் கட்டிவைத்திருந்த பழைய பத்திரிகைகளைக் கறையான் தின்று முடித்திருந்தது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும் 2019 ஜனவரியோடு நின்றுபோயிற்று. அதில் எங்காவது ஒரு மூலையில் இந்தப் பெண்ணின் கச்சேரிச் செய்தி நாலு வரி வந்திருக்கும், எந்த வருடத்து எந்த இதழ் என்று யாரிடம் கேட்பேன்? கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு ஒலிநாடா அட்டை. மெத்தைக்கு அடியில் வைத்திருந்த ஒரு ரசிகர் கொடுத்தார். அதில் அழகாக அச்சடித்திருந்தது: ஈப்போ.

பாடகிக்கே போன் போட்டேன். சிரிசிரி என்று சிரித்தார். “அண்ணே, அது கேசட்டுக்காரன் போட்டது. தோட்டத்துப் பேரப் போட்டா யாரு வாங்குவான்னு கேட்டான்.”

“அப்ப நான் சொன்னதுதானே சரி? தோட்டத்துலதானே பொறந்த?”

“எங்க? அம்மாவுக்கு வலி எடுத்து, தோட்டத்து லோரியில ஏத்தி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப, பாதி வழியிலேயே நான் வந்துட்டேனாம். செம்மோர் தாண்டியா தாண்டாமலான்னு அம்மாவுக்கே தெரியாது. வேணும்னா என் ஐசிய அனுப்பட்டுமா?”

வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு அந்தப் பையனுக்கு எழுதினேன். நீயும் தப்பு, நானும் தப்பு, கேசட் அட்டையும் தப்பு என்று. லோரிக் கதையை அவன் ரொம்ப ரசித்தான். ரசித்துவிட்டு, “ஐயா, இதை அவர் எந்தப் பத்திரிகையிலாவது சொல்லியிருக்கிறாரா?” என்றான்.

இருவரும் பேசி, ஈப்போவையும் எடுத்து, தோட்டத்தையும் விட்டு, ‘பேராக் மாநிலத்தில் பிறந்தவர்’ என்று போட்டோம். நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். வேறு யாரோ வந்து, பேராக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: ‘சான்று தேவை’.